ஆறப்போட்ட ஆட்டம்

சூடாக எதையுமே குடிக்காத மனிதர் என்று என் ஆயுசில் நான் பார்த்தது அவர் ஒருவரைத்தான். அதுவும் எங்கே? மலாயாவில், கேமரன் மலையில். காலை நேரத்தில் மூக்கு நுனி மரத்துப்போகும் குளிரில் நாங்கள் எல்லாம் தேநீர்க் குவளையை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஊதி ஊதிக் குடிப்போம். அவர் தன் குவளையைச் சன்னல் கட்டையில் வைத்துவிட்டுச் சும்மா நிற்பார். ஆவியெல்லாம் அடங்கி அது பச்சைத் தண்ணீர் மாதிரி ஆன பிறகு எடுத்து ஒரே மடக்கில் விழுங்குவார்.

"எதுக்குண்ணே இந்தக் கருமம்? பேசாம ஆத்துத் தண்ணியவே மொண்டு குடிக்கலாம்ல?" என்று நான் கேலி செய்வேன்.

"ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்க முடியலயா தங்கச்சி?" என்பார். அதற்கு மேல் பேச்சு இல்லை.

தோட்டத்தில் அவரை எல்லாரும் மாடிக்காரர் என்றுதான் சொல்வோம். அவருக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. அதை நான் ஏன் சொல்வதில்லை என்பது போகப்போகத் தெரியும். தேயிலை ஆலையின் மேல்தளத்துக்கு இலை மாடி என்று பெயர். மலையில் கிள்ளிய பச்சைக் கொழுந்தை அங்கே கொண்டுவந்து சாக்குத்துணி கட்டிய தட்டுகளில் பரப்பி வாடப்போடுவார்கள். இலை துவண்டு, கையில் பிடித்தால் மடங்க வேண்டும். அதற்கு முன்னால் உருட்டுகிற இயந்திரத்தில் போட்டால் நொறுங்கித் தூளாகிவிடும். எப்போது இறக்கலாம் என்று சொல்கிறவர் மாடிக்காரர். பரப்புகிற பெண்களில் நான் ஒருத்தி. கீழேயிருந்து கணக்கெழுதும் கிராணி கத்துவார், "இன்னும் எவ்வளவு நேரம் லா? மெஷின் சும்மா நிக்குது!" மேலேயிருந்து இவர் பதில் சொல்வார், "ஆறட்டும் சார்." இலை வாடுவதற்கும் ஆறட்டும், சண்டைக்கும் ஆறட்டும், சாவுக்கும் ஆறட்டும். அவருக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான்.

ஒரு முறை நாங்கள் குடியிருந்த லயத்தில் இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரு கோழிக்காகக் கத்தி எடுத்துவிட்டார்கள். மாடிக்காரர் வந்தார். தடுக்கவில்லை, பிடிக்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "கோழி என்னா நெறம்?" என்று கேட்டார். ஒருவன் சொன்னான். "முட்டை வச்சுதா?" இன்னொருவன் சொன்னான். "அடைகாக்கற கோழியா, சும்மா திரியற கோழியா?" இப்படியே கேட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் கத்தி வைத்திருந்தவனுக்கே அலுத்துப்போய்க் கத்தியைக் கூரையில் செருகிவிட்டுப் போனான். சண்டை பார்க்கக் கூடியிருந்தவர்களுக்குத்தான் ஏமாற்றம். "இந்த ஆளு கல்யாண வூட்டுக்கு வந்தா மேளமே தூங்கிப்போவும்" என்று முணுமுணுத்துக்கொண்டு கலைந்தார்கள்.

இப்படிப்பட்ட மனிதர் பந்து விளையாடினார் என்றால் யார் நம்புவார்கள்? விளையாடினார். கோல் காத்தார். விரித்தால் முறம் அளவுக்கு இருக்கும் கைகள். வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்தில் ஆலைக்குக் கீழே ஒரு திடல் இருந்தது. மலைச்சரிவில் வெட்டிய திடல். கொஞ்சம் ஓங்கி அடித்தால் பந்து பள்ளத்தில் உருண்டு தேயிலைச் செடிக்குள் போய்விடும். யாராவது இறங்கிப்போய்த் தேடி எடுத்துவருவார்கள். அதுவரைக்கும் எல்லாரும் இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொள்வார்கள், தண்ணீர் குடிப்பார்கள், வைதுகொள்வார்கள். பிறகு ஆட்டம் புதிதாகத் தொடங்கும்.

ஜப்பான்காரன் வந்தான். துரை மோட்டாரில் ஏறிப் போனவர் போனவர்தான். அரிசி வரவில்லை. திடலைக் கொத்தி மரவள்ளி நட்டோம். தேயிலை வாங்க ஆள் இல்லாததால் செடிகள் தலைக்கு மேல் வளர்ந்து காடாயின. ஆலை எப்போதாவது ஒருநாள் ஓடும். இலை மாடியில் தட்டுகளைக் கழற்றி ஓர் ஓரமாக அடுக்கிவிட்டால் நீளமான வெறும் பலகைத் தரை. வெளியே ஓயாத மழை. இளவட்டங்கள் சும்மா இருப்பார்களா? பந்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறிவிட்டார்கள்.

மாடி ஆட்டம் வேறு மாதிரி. அங்கே பள்ளம் இல்லை, நான்கு பக்கமும் சுவர். வெளியே போகிற பந்து என்று ஒன்று கிடையாது. சுவரில் பட்டுத் திரும்பி அதே வேகத்தில் வந்துவிடும். மூச்சு வாங்க நேரம் இல்லை, யோசிக்க நேரம் இல்லை. வெறுங்கால்கள் பலகையில் விழுகிற சத்தம் உடம்புக்குள்ளேயே இடிக்கும். ஒரு பக்கம் ஒரு கோல் போட்டுவிட்டால் அந்தக் கூச்சலே அவர்களைத் தூக்கிக்கொண்டு போகும். அடுத்ததும் விழும், அதற்கடுத்ததும் விழும். எதிர்ப்பக்கம் நிற்பவர்களுக்குக் கால் கனத்துப்போகும். ஆள் அதே ஆள்தான், கால் அதே கால்தான். கொஞ்சம் முன்னால் மான் மாதிரி ஓடியவன் பந்து கிட்டே வந்தும் பார்த்துக்கொண்டு நிற்பான். இதை நான் தட்டுகளின் மேல் உட்கார்ந்து எத்தனையோ மழை நாளில் பார்த்திருக்கிறேன்.

மாடிக்காரர் இதற்கும் தன் மருந்தைத்தான் கொடுத்தார். தன் பக்கம் கோல் விழுந்தால் பந்தை எடுத்து வீசமாட்டார். தலைத்துண்டை அவிழ்த்து நிதானமாகத் துடைப்பார். தையலை விரலால் தடவிப் பார்ப்பார். பக்கத்தில் நிற்கும் பையனிடம், "அம்மாவுக்கு இருமல் தேவலயா?" என்று கேட்பார். "பந்தப் போடுண்ணே!" என்று எல்லாரும் கத்துவார்கள். அதற்குள் எதிராளியின் கூச்சல் வற்றிவிடும்.

"என்னாண்ணே இது, ஆடத் தெரியாதவன் பண்ற வேல?" என்று கேட்டேன் ஒருநாள்.

"ஒரு கோலு தனியா வராது தங்கச்சி. தம்பியக் கூட்டிக்கிட்டுத்தான் வரும். வாசல்ல கொஞ்ச நேரம் நிக்க வச்சோம்னா தம்பிக்காரன் சலிச்சுப்போயி திரும்பிடுவான்."

இன்னொன்றும் சொன்னார். "சூடு ஏறுனவனுக்கு எதுத்தாப்ல இருக்கற கோலு மட்டுந்தான் தெரியும். பக்கத்துல நெருப்புப் புடிச்சாலும் தெரியாது. நம்மாளுக்கும் அப்டித்தான், அவங்காளுக்கும் அப்டித்தான்." அப்போது அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

சூடு ஏறுகிறவர் என்றால் அந்தத் தோட்டத்தில் முதல் ஆள் என் வீட்டுக்காரர். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. முன்வரிசை ஆட்டக்காரர். முதல் கோல் விழுந்துவிட்டால் அன்றைக்கு அவரைப் பிடிக்க முடியாது. முதலாவது தவறிவிட்டாலோ அன்று முழுக்கப் பந்து அவர் காலைக் கண்டாலே விலகி ஓடும். வீட்டுக்கு வந்தும் அதே முகம்தான். ரோஷம் என்றால் அப்படி ஒரு ரோஷம்.

ரோஷத்துக்குக் காரணமும் இருந்தது. சிறு வயதிலேயே தாய் தகப்பன் இரண்டு பேரையும் மலைக்காய்ச்சலில் வாரிக்கொடுத்தவர் அவர். அவரை எடுத்து வளர்த்தது மாடிக்காரர்தான். பெண்டாட்டி இல்லாத மனிதர், தானே பொங்கி, தானே பரிமாறி வளர்த்தார். பசியில் கை வைக்கப்போகும் பிள்ளையைத் தடுத்து, "ஆறட்டும்டா, வாய் வெந்துரும்" என்று சோற்றை விசிறிக் கொடுப்பாராம். கல்யாணத்தன்று கங்காணி எல்லார் முன்னாலும், "நீ சோறு போட்டு வளத்த புள்ள, இன்னிக்கு மாப்பிள்ளயா நிக்குது" என்று சொன்னபோது மாடிக்காரர் முகம் சுருங்கிவிட்டது. "நான் எங்கங்க வளத்தேன், அது தானா வளந்துச்சு" என்று எழுந்து போய்விட்டார். போட்ட சோற்றைச் சொல்லிக்காட்டுவதைப் போல ஒரு பாவம் இல்லை என்று நினைத்த மனிதர் அவர். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பான் காலத்தின் இரண்டாவது வருஷம் சயாம் பேச்சு வந்தது. சயாமில் ரயில் போடுகிறார்கள், வேலைக்கு ஆள் வேண்டும் என்றார்கள். முதலில் ஆசை காட்டிக் கூட்டிப்போனார்கள். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் இல்லை. தப்பி வந்த ஒருவன் சொன்னதைக் கேட்டபிறகு யாரும் தானாகப் போக முன்வரவில்லை. பிறகு பிடிக்கத் தொடங்கினார்கள். மலைக்குக் கீழே ஓர் ஊரில் சும்மா படம் காட்டுகிறோம் என்று ஆட்களைக் கொட்டகைக்குள் கூட்டி, கதவைச் சாத்தி, அப்படியே லாரியில் ஏற்றிவிட்டார்களாம். அந்தக் கதை மலைமேல் இருக்கும் தானா ராத்தா ஊருக்கு வந்து எங்கள் லயத்துக்கும் வந்தது. லாரிச் சத்தம் கேட்டாலே ஆண்கள் வளர்ந்து கிடந்த தேயிலைக் காட்டுக்குள் ஓடிப் பதுங்கினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஜப்பானிய அதிகாரி வந்தான். பந்தாட்டப் பிரியன். மாடியில் பையன்கள் ஆடுவதைப் பார்த்துக் கைதட்டினான். அடுத்த விடுமுறை நாளில் தன் சிப்பாய்களுக்கும் தோட்டத்து ஆட்களுக்கும் பந்தயம், ஆம்பளைகள் எல்லாரும் வந்து பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினான். "சும்மா வெளையாட்டுதான் லா, பயப்படாதீங்க" என்று கிராணி லயம் லயமாகச் சொல்லிக்கொண்டு போனார். பாவம், அவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனாலும் பாதிப்பேர் நம்பவில்லை. அன்று காலையிலேயே மலைக்காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். மாடியின் ஒரு கோடியில் படிக்கட்டு, ஏறி இறங்க அது ஒன்றுதான் வழி. மறு கோடியில் சாலை வளைவைப் பார்த்த பெரிய சன்னல். நாங்கள் பெண்கள் கொஞ்சம் பேர் சன்னல் பக்கம் அடுக்கியிருந்த தட்டுகளின் மேல், சன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தோம். மாடிக்காரர் வழக்கம்போலத் தன் தேநீரைச் சன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் படிக்கட்டுப் பக்கத்துக் கோலுக்குப் போனார். படியருகே துப்பாக்கியோடு ஒரு சிப்பாய் நின்றான். அதிகாரி நாற்காலி போட்டு உட்கார்ந்தான்.

தொடங்கின கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர் ஒரு கோல் போட்டார். கூடியிருந்தவர்கள் முதலில் வாயைத் திறக்கவில்லை. ஜப்பான்காரனுக்கு எதிரே சத்தம் போடலாமா என்று பயம். அதிகாரியே சிரித்துக் கைதட்டினான். அவ்வளவுதான். அடுத்த கோலுக்கு மாடி அதிர்ந்தது. எத்தனை நாளாக அடக்கிவைத்த தொண்டை! தலைகுனிந்து தலைகுனிந்து கும்பிடு போட்ட ஆட்கள், கன்னத்தில் அறை வாங்கின ஆட்கள், அன்றைக்கு வாய்விட்டுக் கத்தினார்கள். எனக்கும் புல்லரித்துப்போயிற்று. நானும் கத்தினேன். என் வீட்டுக்காரர் எந்தக் காலால் அடித்தாலும் பந்து உள்ளே போயிற்று. சிப்பாய்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அந்தக் கூச்சல் மலைக்காடு வரைக்கும் கேட்டிருக்கிறது. "ஜப்பான்காரன் தோக்குறான்டா!" என்று யாரோ சொல்ல, பதுங்கியிருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து, படியேறி, மாடிக்குள் நுழைந்தார்கள். ஒவ்வொரு கோலுக்கும் கூட்டம் பெருகியது. படியில் நின்ற சிப்பாய் எல்லாருக்கும் வழி விட்டான். எங்களில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லை.

பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறினார்கள். மாடிக்காரர் எங்கள் பக்கம் வந்தார். குவளையை எடுக்கக் கையை நீட்டினார். நீட்டின கை அப்படியே நின்றது. சன்னல் வழியாகக் கீழே பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். படிக்கட்டைப் பார்த்தார். குவளையைத் தொடாமலே திரும்பினார்.

"என்னண்ணே, குடிக்கல?"

"இன்னும் ஆறல தங்கச்சி."

அவர் கோலுக்குள் போய் நின்றபிறகு நான் குவளையைத் தொட்டுப் பார்த்தேன். அது எப்போதோ சில்லிட்டுப்போயிருந்தது. என் மனசுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. என்ன என்று தெரியவில்லை.

ஆட்டம் தொடங்கியதும் ஒரு சிப்பாய் தூரத்திலிருந்து மெதுவாக ஒரு பந்தைத் தள்ளினான். குழந்தைகூடப் பிடித்துவிடும். அது மாடிக்காரரின் கைக்கு அடியில் போய்க் கோலானது. அவர் பந்தை எடுத்தார். துண்டால் துடைக்கவில்லை. தையலைத் தடவவில்லை. உடனே, மின்னல் வேகத்தில் வீசினார், அதுவும் நேராகச் சிப்பாயின் காலுக்கு. திரும்பவும் கோல். சிப்பாய்கள் கத்தினார்கள். இவர் மறுபடியும் உடனே வீசினார். தம்பியும் வந்தான், தம்பிக்குத் தம்பியும் வந்தான். வாழ்நாள் முழுக்க எதை வாசலில் நிறுத்திவைத்தாரோ அதை அன்றைக்குக் கைப்பிடித்து உள்ளே கூட்டிவந்தார்.

"என்னா மாடிக்காரரே, ஜப்பான்காரன் எவ்வளவு குடுத்தான்?" என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன் காறித் துப்பினான். "எழவு ஆட்டம் லா இது, வாடா போலாம்" என்று நாலைந்து பேர் படியிறங்கினார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் கொஞ்சம் பேர். தோற்கிற ஆட்டத்தை, அதுவும் அப்படித் தோற்கிற ஆட்டத்தை, யார் நின்று பார்ப்பார்கள்? அந்தப் பக்கமோ சிப்பாய்களுக்குச் சூடு ஏறிவிட்டது. அதிகாரி நாற்காலியை விட்டு எழுந்து நின்று கத்தினான். படிக்கட்டில் நின்ற சிப்பாய் தன் ஆட்களின் ஆட்டத்தைப் பார்க்க இரண்டடி, நாலடி என்று உள்ளே வந்துவிட்டான். அவன் முதுகுக்குப் பின்னால் எங்கள் ஆட்கள் வைதுகொண்டே இறங்கிப் போனார்கள். அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு வெறி பிடித்துவிட்டது. "பந்த எனக்குப் போடுண்ணே! எனக்குப் போடு!" என்று கோல் வாசலுக்கே வந்து கத்தினார். மாடிக்காரர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராகத் திட்டினார். அவர் வாயில் வசவு வந்து நான் கேட்டது அன்றுதான். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். கோபப்படத் தெரியாத நல்ல பிள்ளைகள். கடைசியில் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"என் வூட்டு எச்சிச் சோத்தத் தின்னு வளந்த காலுடா அது. எங்கிட்டயா ஆட்டங்காட்டுற? போடா வெளிய!"

என் வீட்டுக்காரரின் முகம் ரத்தம் சுண்டி வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். ஆட்டத்தை விட்டு நடந்தார், படியில் இறங்கினார், போய்விட்டார். வேறு ஒருவன் அவர் இடத்துக்கு வர எழுந்தான். "ஒரு நாயும் வேணாம், அஞ்சு பேரே போதும்" என்று மாடிக்காரர் அவனையும் விரட்டினார்.

நான் தட்டுகளிலிருந்து குதித்து இறங்கினேன். அப்போதுதான் சன்னல் வழியாகப் பார்த்தேன். சாலை வளைவில், தேயிலைச் செடிகளின் மறைவில், கித்தான் போர்த்திய லாரிகள் வரிசையாக நின்றன. பக்கத்தில் சிப்பாய்கள் உட்கார்ந்து சிகரெட் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி மாடிக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்துவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்தது. தலையை மெல்ல, மிக மெல்ல ஆட்டினார். ஓடாதே என்று அர்த்தம்.

நான் ஓடவில்லை. பெண்களின் தோளைத் தொட்டு, "வாங்கடி, வேல வெட்டி இல்லயா?" என்றேன். ஒருத்தி என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு தன் புருஷன் கையைப் பிடித்தாள். கொட்டாவி விட்டுக்கொண்டு படியிறங்கினோம். முதுகுக்குப் பின்னால் சிப்பாய்கள் இன்னொரு கோலுக்குக் கத்துவது கேட்டது. அந்தப் படிகளில் ஓடாமல் நடந்ததைவிடக் கடினமான வேலை எதையும் நான் செய்ததில்லை.

கீழே என் வீட்டுக்காரர் லயத்தைப் பார்த்து விடுவிடுவென்று போய்க்கொண்டிருந்தார். பிடித்து இழுத்து லாரி என்றேன். மலைக்காட்டுக்குள் ஏறிப் படுத்துக்கொண்டோம். சற்று நேரத்தில் விசில் சத்தம் கேட்டது. பிறகு கத்தல். பிறகு லாரிகள் கிளம்பின. காலி லாரி மேடுபள்ளத்தில் ஓடினால் பலகைகள் கடகடவென்று அடித்துக்கொள்ளும். அன்று போன லாரிகளில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அப்படித்தான் கடகடத்துக்கொண்டு ரிங்லெட் பக்கம் இறங்கின.

அந்த ஒன்றில் மாடிக்காரரும், கூட ஆடிய பிள்ளைகளும், கடைசிவரை நின்று பார்த்த சிலரும் போனார்கள்.

தோட்டம் அவரை வாழ்த்தியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? "நல்லவேள, ஆட்டம் நாறிச்சு, தப்பிச்சோம்" என்றார்கள். ஆட்டத்தைக் காட்டிக்கொடுத்தவனையே ஜப்பான்காரன் தூக்கிக்கொண்டு போனான், நன்றாக வேண்டும் என்றார்கள். நான் பார்த்ததைச் சொன்னேன். சிலர் நம்பினார்கள். அகப்பட்டுக்கொண்ட பிள்ளைகளில் ஒருவனின் அம்மா என் வாசலில் வந்து நின்று, "ஒம் புருசன மட்டும் வெரட்டி வுட்டானே, எம்மவன் என்னா பாவம் பண்ணான்?" என்று மார்பில் அடித்துக்கொண்டாள். விரட்டினார், எல்லாரையும்தான் விரட்டினார், உன் மகனுக்கு ரோஷம் வரவில்லை என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் கடைசிவரைக்கும் ஏற்கவில்லை. "என்னயக் காப்பாத்துனது என் ரோஷந்தான்" என்பார். "அந்தாளு லாரியப் பாத்திருந்தா காதுல ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல? சோத்தச் சொல்லிக்காட்டுனவன் பேர இந்த வூட்டுல எடுக்காத." காதில் சொல்லியிருந்தால் இவர் கத்தியிருப்பார், மாடி கலவரமாகியிருக்கும், படிக்கட்டை அடைத்திருப்பார்கள். இது எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தச் சொல் உள்ளே தைத்துக்கொண்டது. அப்படித்தான் அந்தப் பெயர் எங்கள் வீட்டில் இல்லாமல் போனது. பழகிப் பழகி இன்றைக்கும் என் வாயில் வருவதில்லை.

ஜப்பான் சண்டை முடிந்து வெகுநாள் கழித்து, போனவர்களில் ஒருவன் திரும்பினான். பின்வரிசையில் ஆடியவன். முழங்காலுக்குக் கீழே புண், கண் மட்டும்தான் ஆள். ஒரு மாலையில் எங்கள் வீட்டுக்கு வந்தான். கஞ்சி ஊற்றிக்கொடுத்தேன். என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து, சுவரில் சாய்ந்து, கால் இரண்டையும் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

வெகுநேரம் வேறெதையோ பேசிவிட்டுத்தான் கேட்டார். "அந்தாளு என்னா ஆனான்?"

"மொத மழைக்கே பேதி வந்து போயிட்டாரு. நாங்கதான் பொதச்சோம்."

நான் அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வாய்விட்டு அழக்கூட அந்த வீட்டில் எனக்கு அனுமதி இல்லாதது மாதிரி இருந்தது.

அவன் கஞ்சியைக் கலக்கிக்கொண்டே சொன்னான். "ஒண்ணு மட்டும் இன்னும் எனக்குப் புரியல லா. லாரில ஏத்துனானுங்கல்ல, நாங்கல்லாம் அழுவறோம். அவரு அழுவல. ஏறி நின்னு லாரிய இந்தக் கோடிலேருந்து அந்தக் கோடி வரைக்கும் பாத்தாரு. பின்னால வந்த லாரிங்களையும் எட்டி எட்டிப் பாத்தாரு. எல்லாம் காலி. அப்பறம் சிரிச்சாரு. பைத்தியம் புடிச்சிருச்சோன்னு நெனச்சோம். 'கால நல்லா நீட்டி ஒக்காருங்கடா தம்பிகளா, எடந்தான் நெறைய கெடக்கே'ன்னாரு."

வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"என்னயப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"இல்ல. ஒண்ணும் சொல்லல."

என் வீட்டுக்காரர் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பெரியவர் யாரோ வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி, நீட்டியிருந்த கால்களை ஒவ்வொன்றாக இழுத்து மடக்கிக்கொண்டார்.